சோளகமும் வாடையும் பங்கு போட்ட கடல்

மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்தில், ஜனவரி மாதத்து விடியற்காலை ஆறு மணி என்பது சந்தை கூடும் நேரம். முச்சக்கர வண்டிகள் வெள்ளைக்காரர்களையும் சீனர்களையும் கொழும்பிலிருந்து வந்த குடும்பங்களையும் இறக்கிவிட்டுத் திரும்புகின்றன. இரண்டு தட்டுப் படகுகள் வரிசையாய்க் கட்டிக் கிடக்கின்றன. உயிர்காப்பு அங்கி, வாந்தி வராமலிருக்க மாத்திரை, இஞ்சி பிஸ்கட், காலைச் சாப்பாட்டுப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாய் கைமாறுகிறது. முதல் நாள் மாலை கடற்கரைக் கடைகளில் ஒவ்வொரு பயணியும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: திமிங்கலம் பார்க்க எந்தப் படகு நல்லது?

கேள்வியில் தவறில்லை. ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்த மாதம், எந்தக் கரை என்பதெல்லாம் முடிவான பிறகுதான் படகு. அந்த முடிவைப் பெரும்பாலான பயணிகள் எடுப்பதே இல்லை. அவர்களுக்காக ஒரு போரும் ஓர் ஆழிப்பேரலையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டன. இலங்கைக் கடலில் திமிங்கலங்களை உலகம் முதலில் கவனித்த இடம் கிழக்கே, தமிழ் பேசும் திருகோணமலை. தொழில் வளர்ந்து கூட்டம் சேர்ந்த இடமோ தெற்கே, சிங்கள மீனவக் கிராமமான மிரிஸ்ஸ. இடையில் கால் நூற்றாண்டு.

முதலில் கடலைப் பற்றிக் கொஞ்சம். இந்தத் தீவைச் சுற்றியுள்ள கடல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. வடக்கே பாக்கு நீரிணையில் பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர்தான் ஆழம். இறாலுக்கும் நண்டுக்கும் ஏற்ற கடல், திமிங்கலத்துக்கு இடுப்பளவுத் தண்ணீர். மன்னார் வளைகுடாவின் தமிழ்நாட்டுக் கரையில் திமிங்கலம் செய்தியாவது பெரும்பாலும் துயரச் செய்தியாகத்தான். 1973 ஜனவரியில் தூத்துக்குடிப் பக்கமும், 2016 ஜனவரியில் மணப்பாடு கரையிலும் கூட்டம் கூட்டமாய் ஒதுங்கிய பைலட் திமிங்கலங்களை மீனவர்கள் திரும்பத் திரும்பக் கடலுக்குள் தள்ளிவிட்டும் அவை கரைக்கே வந்தன. தெற்கிலும் கிழக்கிலும் நிலைமை வேறு. தீவின் தெற்கு முனையான தேவேந்திரமுனைக்கு எதிரே கண்டத்திட்டு மிகக் குறுகலாகி, கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடலடி சட்டென்று சரிந்துவிடுகிறது. திருகோணமலையில் இன்னும் விசேஷம். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்கிப் போகிறது. ஆழ்கடல் பிராணி ஒன்று கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வர வேண்டுமானால் இப்படிப்பட்ட தரையமைப்பு வேண்டும்.

அடுத்தது காற்று. மே முதல் செப்டம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும்போது மிரிஸ்ஸக் கடல் கொந்தளிக்கிறது, திருகோணமலைக் கடல் அடங்கிக் கிடக்கிறது. வாடை வீசும் மாதங்களில் இது தலைகீழ். ஆகவே தெற்குக் கரைக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, கிழக்குக் கரைக்கு மார்ச், ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை என்று கடல் தன் பருவத்தைப் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. ஜூலை மாதத்து விடுமுறையில் மிரிஸ்ஸவில் போய் நிற்பவருக்கு எந்தப் படகும் நல்ல படகு இல்லை.

இந்தக் கடலின் பெரிய பிராணிகளைப் பற்றிய பேச்சு பழையது. ரோமானியப் பேரரசின் காலத்தில் கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன், தப்ரபேன் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தத் தீவைச் சுற்றிய கடலில் சிங்கத்தலையும் சிறுத்தைத்தலையும் ஆட்டுக்கடாத்தலையும் கொண்ட ராட்சத மீன்கள் நிறைந்திருப்பதாகத் தம் விலங்கு நூலில் எழுதிவைத்தார். அவர் இலங்கைக்கு வந்தவரல்லர். மாலுமிகளின் கதை ஏழு கடல் தாண்டும்போது கொம்பும் பிடரியும் முளைத்திருக்கும். ஆனாலும் அந்தக் கதைக்கு அடியில் உண்மையான ஏதோ ஒன்று மூச்சு விட்டிருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் கதை கேட்க வரவில்லை. அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல்களின் பதிவேடுகளைத் தொகுத்து சார்ல்ஸ் டவுன்சென்ட் 1935இல் வெளியிட்ட வரைபடங்களில், எண்ணெய்க்காக ஸ்பெர்ம் திமிங்கலங்கள் கொல்லப்பட்ட இடங்கள் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. இலங்கையைச் சுற்றிய கடலுக்கும் அதில் புள்ளிகள் உண்டு.

மிகப் பெரிய வேட்டை நடந்தது யாருக்கும் தெரியாமல். 1960களில், சோவியத் ஒன்றியத்தின் மிதக்கும் தொழிற்சாலைக் கப்பல்கள் அண்டார்டிகாவுக்குப் போகும் வழியில் வட இந்தியப் பெருங்கடலிலும் வேட்டையாடின. நீலத் திமிங்கலத்தைக் கொல்லக் கூடாது என்று சர்வதேசத் திமிங்கல ஆணையம் 1966இல் விதித்த பிறகும் வேட்டை நிற்கவில்லை. அரபிக்கடல், மாலைதீவு, இலங்கை ஆகியவற்றை ஒட்டிய நீர்ப்பரப்பில் அந்தச் சில ஆண்டுகளில் அவை கொன்ற நீலத் திமிங்கலங்கள் ஏறத்தாழ 1,300. மாஸ்கோ ஆணையத்துக்கு அனுப்பிய கணக்கு வேறு, கப்பலில் எழுதிய கணக்கு வேறு. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, 1993இல், அலெக்ஸி யாப்லகோவ் என்ற ரஷ்ய அறிவியலாளர் அந்தப் பொய்க் கணக்கை வெளியே கொண்டுவந்தார். கப்பல்களில் வேலை செய்த உயிரியலாளர்கள் ரகசியமாகக் காத்துவைத்த உண்மைப் பதிவுகள் அதன் பின் ஒவ்வொன்றாய் அச்சேறின. உலகம் முழுவதும் சோவியத் கப்பல்கள் மறைத்த எண்ணிக்கை சுமார் 1,80,000 என்று பிற்பாடு கணக்கிடப்பட்டது. இன்று மிரிஸ்ஸவில் ஒரு நீலத் திமிங்கலம் மூச்சு விடும்போது எழும் ஆரவாரத்துக்கு முன்னால், அந்தக் கடலில் மிஞ்சியவை எத்தனையிலிருந்து மிஞ்சியவை என்பது நினைவில் இருந்தால் நல்லது.

வேட்டை நடந்துகொண்டிருந்த அதே காலகட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு விநோதம். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறினார். வந்தது வானத்துக்காக அல்ல, கடலுக்காக. திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடியில், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களையும் சிற்பக் கற்களையும் அவரும் நண்பர் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டார்கள். அடுத்த ஆண்டே வெளிவந்த அவருடைய நாவலில், எதிர்கால மனிதர்கள் திமிங்கலங்களை மாட்டு மந்தை போல் கடலில் மேய்க்கிறார்கள், இறைச்சிக்காகக் கொல்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லி உலகத்தோடு வாதாடுபவர் இலங்கையின் ஒரு பௌத்த மகாநாயக்க தேரர். தொழிற்சாலைக் கப்பல்கள் திமிங்கலத்தை டன் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இதைக் கற்பனை செய்ய ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

கற்பனையை நிஜமாக்கத் தொடங்கியது ஒரு சின்ன நாடு. 1976இல் விடுதலை பெற்ற செஷல்ஸ், மூன்றே ஆண்டுகளில் திமிங்கல ஆணையத்தில் எழுந்து, இந்தியப் பெருங்கடல் முழுவதையும் தெற்கே 55 பாகை வரை திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கக் கேட்டது. 1979இல் தீர்மானம் நிறைவேறியது. அறிவித்தாகிவிட்டது. ஆனால் சரணாலயத்துக்குள் என்ன இருக்கிறது? யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்நாள்வரை திமிங்கலத்தைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி வெட்டுமேசையிலிருந்து கிடைத்தது. உயிரோடு பார்த்து, பின்தொடர்ந்து, கொல்லாமல் ஆராய வேண்டும் என்று உலக வனவிலங்கு நிதியம் ஒரு படகுக்குப் பணம் கொடுத்தது.

அந்தப் படகின் பெயர் டியூலிப். பத்து மீட்டர் நீளமுள்ள பாய்மரக் கலம். இன்று மிரிஸ்ஸவில் ஓடும் சுற்றுலாப் படகுகளின் பக்கத்தில் கட்டினால் பொம்மை போலிருக்கும். தலைமை தாங்கியவர் ஹால் வைட்ஹெட் என்ற இளம் ஆய்வாளர். 1981 முதல் 1984 வரை ஓடிய அந்தப் பயணத்தில் ஜொனதன் கார்டன் ஸ்பெர்ம் திமிங்கலங்களின் ஒலியைத் துரத்தினார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நீருக்குள் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு, டிக் டிக் என்று கேட்கும் திசையில் பாயை விரித்துப் போவதுதான் முறை. வாலின் ஓரத்து வெட்டுகளையும் தழும்புகளையும் படமெடுத்து ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் தனி அடையாளம் கொடுத்தார்கள். திருகோணமலைக்கு வெளியே இன்னொரு ஆச்சரியம் காத்திருந்தது: நீலத் திமிங்கலங்கள், அதுவும் கரைக்கு அருகிலேயே, மீண்டும் மீண்டும். அபிகெய்ல் ஆலிங் அவற்றின் பின்னால் போனார்; அவற்றின் குரலும் அங்கே பதிவானது. அண்டார்டிக் நீலத் திமிங்கலங்களின் குரலோடு ஒத்துப்போகாத அந்த ஒலியை, ஒலியியல் ஆய்வாளர்கள் இன்றும் இலங்கை வகை என்றே குறிக்கிறார்கள்.

கொழும்பிலும் அதே நேரத்தில் அசைவு தெரிந்தது. நாரா என்று அழைக்கப்படும் தேசிய நீர்வாழ் வள முகவர் நிறுவனம் 1981இல் தொடங்கியிருந்தது. கடல் பாலூட்டிகளைப் பற்றி மாநாடு கூட்டவும் திருகோணமலையைத் திமிங்கலம் பார்க்கும் இடமாக்கவும் அது ஆசைப்பட்டது. அமெரிக்காவில் இந்தத் தொழில் அப்போது கால் நூற்றாண்டு வயதைத் தாண்டியிருந்தது. 1955இல் சான் டியேகோவில் ஒரு மீனவர் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சாம்பல் திமிங்கலம் காட்டத் தொடங்கியதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். திருகோணமலைக்கோ உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இருந்தது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடற்கரை விடுதிகள் எழுந்திருந்தன. வைட்ஹெட்டின் கட்டுரை 1984 டிசம்பரில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் படங்களோடு வந்தது. வேறெந்த நாட்டிலாவது என்றால் அடுத்த பருவத்துக்குள் படகுக்காரர்கள் வரிசை கட்டி நின்றிருப்பார்கள்.

அந்தக் கட்டுரை அச்சாகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தொடங்கிய தமிழர் மீதான வன்செயல், திருகோணமலையிலும் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. அதன் பின் வந்த போரில் திருகோணமலைக் கடல் போர்க்கடலானது. கடற்படையின் பெரிய தளம் அங்கேதான். 1995 ஏப்ரல் 19 அன்று கடற்புலிகள் துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு கடற்படைக் கலங்களை மூழ்கடித்தபோது, சில மாதங்கள் நீடித்த போர்நிறுத்தமும் சேர்ந்து மூழ்கியது. மீன்பிடிக்கப் போகவே அனுமதி வேண்டும், இயந்திரத்தின் குதிரைத்திறனுக்குக் கட்டுப்பாடு, இரவில் போகத் தடை. விடுதிகள் வெறிச்சோடின. திமிங்கலங்கள் மட்டும் வழக்கம் போல் வந்து போயின; பார்க்க ஆள் இல்லை. இத்தனைக்கும் பிறகு ஒரு திமிங்கலம் கரைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்று குறித்துவைக்க அந்தக் கரையில் யாருக்கு மனம் வந்திருக்கும்?

தெற்குக் கரையின் கதை ஓர் ஊகத்திலிருந்து தொடங்குகிறது. மாலைதீவில் நீண்ட காலம் வாழ்ந்த பிரிட்டிஷ் கடலுயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன், அங்கே ஆண்டுதோறும் திமிங்கலங்களைக் கணக்கெடுத்து வந்தார். எந்த மாதத்தில் எங்கே தென்படுகின்றன என்று அடுக்கிப் பார்த்தபோது ஒரு வழித்தடம் தெரிந்தது. வட இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கலங்கள் அண்டார்டிகாவுக்குப் போவதில்லை. அரபிக்கடலுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே போய் வருகின்றன. ஆண்டு தொடங்கும் வேளையில் கிழக்கு நோக்கி, ஏப்ரல் வாக்கில் மேற்கு நோக்கி. இரண்டு முறையும் அவை இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றித்தான் ஆக வேண்டும். கண்டத்திட்டு மிகக் குறுகிய இடம் தேவேந்திரமுனை. அங்கே கரையிலிருந்து பார்க்கக்கூடிய அருகில் அவை கடக்கும் என்று அவர் கணித்தார்.

அதைச் சோதிக்க தெற்கில் படகு வேண்டும். அதைக் கொண்டுவந்தது ஆழிப்பேரலை என்றால் கேட்க விபரீதமாகத்தான் இருக்கும். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த அலைகள் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. தெற்குக் கரையின் மீன்பிடிப் படகுகள் தென்னந்தோப்புகளில் கிடந்தன. ஹிக்கடுவையில் கிளார்க் நடத்திவந்த மூழ்குப் பயிற்சி நிலையமும் போனது. உதவிப் பணத்தோடு வந்த வெளிநாட்டவர்கள் மிரிஸ்ஸவில் மீனவ இளைஞர் சிலருக்கு நீர் விளையாட்டு, படகோட்டல் என்று பயிற்சி கொடுத்து ஒரு சிறு தொழிலை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அந்தப் படகுகள் ஆழம் போனபோது நீரூற்று போல் எழும் மூச்சுகள் கண்ணில் பட்டன. 2006இலிருந்து ஆண்டர்சனும், காலியில் ஒரு விடுதியில் பணிபுரிந்த இயற்கை வழிகாட்டியும் சேர்ந்து பருவம் பருவமாகப் போய் எண்ணினார்கள். ஊகம் பலித்தது. 2008இல், காட்டுயிர் எழுத்தாளரும் சுற்றுலாத் துறைக்காரருமான கெஹான் டி சில்வா விஜேரத்ன, நீலத் திமிங்கலம் பார்க்க உலகிலேயே சிறந்த இடங்களில் ஒன்று இலங்கை என்று பத்திரிகைகளில் முழங்கினார்.

மீனவர்களுக்கு இதில் செய்தி ஏதும் இல்லை. அவர்களுக்குத் திமிங்கலம் என்பது வலைக்கு ஆபத்து, ஒதுங்கிப் போக வேண்டிய பொருள். அதைப் பார்க்க ஒருவர் பணம் கொடுப்பார் என்பதுதான் செய்தி.

அதன் பிறகு எல்லாம் வேகம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது, விமானங்கள் நிறைந்தன. மீன் பிடித்த கலங்களில் தட்டும் இருக்கையும் அடித்துச் சுற்றுலாப் படகாக்கினார்கள். ஒன்றிரண்டு படகுகள் போன கடலுக்குச் சில பருவங்களுக்குள் டஜன் கணக்கில் போகத் தொடங்கின. கடற்படையே காலியிலிருந்து கப்பலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. ஆமைவேகத்தில் வளர்ந்திருக்க வேண்டிய ஒரு தொழில், இடையில் நிதானிக்க யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.

பிரச்சினை எங்கே பிறந்தது என்று பார்த்தால், விளம்பரப் பலகையில் எழுதிய ஒரு வாக்குறுதியில் என்று சொல்லத் தோன்றுகிறது. திமிங்கலம் தெரியாவிட்டால் மறுநாள் இலவசம். கேட்பதற்கு நேர்மையான பேச்சு. ஆனால் படகோட்டியின் பக்கம் நின்று பாருங்கள். எழுபது பேரை மறுநாள் காசில்லாமல் ஏற்ற வேண்டுமா, அல்லது தூரத்தில் தெரியும் அந்த ஒற்றை மூச்சை நோக்கி விசையை முழுக்கத் திருகுவதா? நீலத் திமிங்கலம் பத்து நிமிடமோ அதற்கு மேலோ மூழ்கியிருந்துவிட்டு, மேலே வந்து சில மூச்சு விட்டு மறுபடி மூழ்கும். அந்தச் சில மூச்சுகளுக்குள் பத்துப் படகுகள் நாலாபக்கமிருந்தும் பாய்ந்து வந்தால் அது மூச்சை முடிக்காமலே இறங்கிவிடும். இரை தேட வந்த இடத்தில் இப்படி. அது இரை தேடத்தான் வருகிறது என்பதே 2003இல்தான் தெளிவாகத் தெரிந்தது. அப்போது ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் ஏறியிருந்த இளம் இலங்கையர் ஆஷா டி வோஸ், தென்கடலில் மிதந்த செந்நிறத் திமிங்கல எச்சத்தைக் கண்டார். வெப்பக் கடலில் நீலத் திமிங்கலம் இரை எடுக்காது என்ற பாடப்புத்தக வாக்கியம் அங்கே ஆட்டங்கண்டது. அந்த எச்சத்தைப் பிற்பாடு மரபணு வரை பிரித்து ஆராய்ந்ததில், இந்தத் திமிங்கலங்கள் கிரில்லை விட ஒரு வகைச் சிற்றிறாலையே அதிகம் உண்பதாகத் தெரிந்தது.

ஆய்வாளர்கள் எழுதினார்கள், பத்திரிகைகளும் எழுதின. 2012இல் வனசீவராசிகள் திணைக்களம் கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கான விதிகளை வர்த்தமானியில் வெளியிட்டது. 100 மீட்டருக்கு உள்ளே போகக் கூடாது, துரத்தக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது. விதி நல்ல விதி. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி அதை அளக்க நாடா யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. திணைக்களத்தின் படகு ஒன்று, சுற்றுலாப் படகுகள் பல. நூறு மீட்டரைக் காக்கும் உண்மையான அதிகாரி படகில் உட்கார்ந்திருக்கும் பயணிதான். இன்னும் கிட்டே போ என்று அவர் கேட்டால் விதி அங்கேயே முடிந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் ஒரு சரக்குக் கப்பல் வந்தது. அதன் முகப்பில் ஒரு நீலத் திமிங்கலத்தின் உடல் குறுக்கே வளைந்து தொங்கியது. கப்பல் அதை எங்கே மோதியது என்று மாலுமிகளுக்கே தெரியாது. சுற்றுலாப் படகுகளின் தொந்தரவைப் பற்றி அதுவரை பேசியவர்களுக்கு, அதைவிடப் பெரிய ஆபத்து எது என்று அந்தப் புகைப்படம் காட்டியது. சூயஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று, தேவேந்திரமுனைக்கு நேரே திமிங்கலங்கள் மேயும் இடத்தின் ஊடாகவே போகிறது. மிரிஸ்ஸப் படகில் நிற்பவர் அடிவானத்தில் எண்ணும் கொள்கலன் கப்பல்கள் எல்லாம் அந்தப் பாதையில் போகிறவைதான். பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் 95 விழுக்காடு குறையும் என்று ஆய்வுகள் கணக்கிட்டன. கப்பலுக்கு அதனால் ஆகும் கூடுதல் நேரம் அற்பம். 2022இல், உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான எம்எஸ்சி, தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பிக்கொண்டது. எல்லாக் கப்பல்களையும் கட்டுப்படுத்தும் மாற்றம் வேண்டுமானால் இலங்கை அரசு சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் கேட்க வேண்டும். துறைமுகங்களின் வியாபாரக் கணக்கு குறுக்கே நிற்கிறது.

இதற்கிடையில் மிரிஸ்ஸவின் படகுகள் மூன்று முறை கரையில் கட்டிக் கிடந்தன: 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கொரோனாவில், 2022இல் டீசலுக்கு நாடே வரிசையில் நின்றபோது. கடனில் படகு வாங்கியவர்கள் அந்த ஆண்டுகளில் பட்டதை நினைத்தால், துரத்தும் படகோட்டியைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கத் தோன்றும்.

கிழக்கின் முறை போருக்குப் பிறகுதான் திரும்பி வந்தது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பெரும்பாலும் திறந்த ஃபைபர் படகுகள், வெளிப்பொருத்து இயந்திரம், ஏழெட்டுப் பேர். பகலில் புறாமலைத் தீவுக்குப் பவளப்பாறை பார்க்க ஆள் ஏற்றும் அதே படகுகள் விடியலில் திமிங்கலத்துக்குப் போகின்றன. நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது, அலை தெறித்தால் நனைய வேண்டியதுதான். ஆனால் கண் நீர்மட்டத்துக்கு அருகில் இருக்கிறது. சுற்றிலும் கூட்டம் குறைவு. படகுக்காரரோடு தமிழிலேயே பேசலாம். மேற்கே கற்பிட்டியில் இன்னொரு வாய்ப்பு. அங்கே சுழல் ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில், பருவத்தில் ஸ்பெர்ம் திமிங்கலங்களும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடல் அமைதி; பார்க்கப் போகிறவர் நீலத் திமிங்கலத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவே.

அப்படியானால் படகை எப்படித் தேர்வது? வரலாறு தெரிந்தவருக்குக் கேட்க வேண்டியவை தானாக வரும். பார்ப்பது உறுதி என்று சொல்பவரை விட, இந்த வாரம் கடல் சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புபவர் நம்பத்தக்கவர். திமிங்கலத்தைக் கண்டதும் இயந்திரத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டால், வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் நின்று, அது வரும் வழியை விட்டுவிடுவோம் என்ற பதில் வர வேண்டும். படகில் எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை அங்கிகள் என்பது கேட்கக் கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை. விளக்கிச் சொல்ல இயற்கை தெரிந்த ஒருவர் வருகிறாரா என்பது அடுத்தது. வெறும் கூச்சல் போட்டுக் கை காட்டுவதற்கும் அந்தத் திமிங்கலம் எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. திமிங்கலத்தோடு நீந்தலாம் என்று அழைப்பவரிடம் அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். விலை மலிவென்றால் படகில் ஆள் அதிகம் என்று பொருள். ஆள் அதிகமென்றால் அவர்கள் எல்லாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசரமும் அதிகம்.

இதில் எதுவும் ஒத்துவராதவருக்கு, கடலில் கால் வைத்தாலே தலை சுற்றுபவருக்கும் சேர்த்து, திருகோணமலையில் இன்னொரு வழி இருக்கிறது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் விளிம்பிலிருந்து கீழே கடல் நேராக ஆழத்துக்கு இறங்குகிறது. மார்ச், ஏப்ரல் மாதத்துத் தெளிந்த காலைகளில் நல்ல தொலைநோக்கியோடு அங்கே நின்று நீலத் திமிங்கலத்தின் மூச்சைப் பார்த்தவர்கள் உண்டு. கோட்டை வாசலில் காவலைத் தாண்டி, மான்கள் மேயும் பாதையில் மேலே ஏறினால் போதும். அதற்குப் படகுக்கூலி இல்லை, இஞ்சி பிஸ்கட்டும் வேண்டாம். பாறை நூறு மீட்டர் விதியை மீறவும் வாய்ப்பில்லை.